ஊசியக்காவின் இரண்டு கதவுகள்

அந்தத் தெருவில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஊசியக்கா என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் கைகாட்டும். கைகாட்டிவிட்டு ஓடிப்போய் ஒளிந்துகொள்ளும், அது வேறு விஷயம்.

ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் அவளுக்கு வேலை. விடிந்தும் விடியாததுமாகத் தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களின் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து, குழாய்களில் பெயர் ஒட்டி, பைக்கில் வருகிற நிலையத்து ஆளிடம் கொடுத்தனுப்ப வேண்டும். கை ராசிக்காரி என்று பெயர். நரம்பு அகப்படாத கைகளிலும் அவள் விரல் வைத்தால் அகப்பட்டுவிடும். கணவர் லாரி ஓட்டுகிறவர். போனால் வர ஒரு வாரமும் ஆகும், இரண்டு வாரமும் ஆகும். மகள் கல்லூரியில் கடைசி வருஷம்.

இத்தனை காலமாக அவளுடைய காலைகள் கழிந்ததெல்லாம் அடுத்தவர் கதவுக்கு முன்னால்தான். மணியை அடிப்பாள், உள்ளே செருப்புச் சத்தம் கேட்கும், தாழ்ப்பாள் விலகும், போவாள். எந்த வீட்டுக் கதவு என்ன நிறம் என்று கேட்டிருந்தால் அவளால் ஒன்றைக்கூடச் சொல்லியிருக்க முடியாது.

ஒரு நாள் காலை இரண்டு கையிலும் சாமான் இருந்ததால் சொந்த வீட்டு வாசல் கதவைக் காலால் இழுத்துச் சாத்தினாள். கதவின் கீழ்மூலை காலோடு வந்துவிட்டது. குனிந்து எடுத்தாள். பாலில் ஊறிய ரொட்டி போல விரலுக்குள் பிசுபிசுத்து உதிர்ந்தது. உடைந்த இடத்தின் வழியாக வீட்டுக்குள்ளே கிடந்த மகளின் செருப்பு தெரிந்தது.

சாயங்காலம் தச்சர் வந்தார். கதவை மேலிருந்து கீழாக விரல்முட்டியால் தட்டிக்கொண்டே வந்து, இடுப்பளவுக்குக் கீழே நிறுத்திவிட்டார்.

"இது கதவு இல்லக்கா. கதவு எப்பவோ போயிடுச்சு. பெயின்ட்டு மட்டும் ஒரு மரியாதைக்கு நின்னுக்கிட்டிருக்கு" என்றார்.

"பின்கதவு?"

போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அதுக்கு இதுவே தேவலை."

நிலை இரண்டும் கெட்டியாக இருப்பதாகவும் கதவுகளை மட்டும் மாற்றினால் போதும் என்றும் சொன்னார். மழைத்தண்ணீர் கீழ் ஓரத்தில்தான் ஏறுமாம். முன்பக்கமும் பின்பக்கமும் நாலு தடவை பெயின்ட் அடிக்கிறவர்கள் அடிப்பக்க ஓரத்தை மட்டும் யாருக்கும் தெரியாது என்று விட்டுவிடுவார்களாம். "தண்ணிக்குத் தெரியுமில்ல" என்றார். பிறகு, "என்ன கதவு போடலாம்? மரமா, இரும்பா, ஃபைபரா?" என்று கேட்டார்.

அவள் உடனே கணவருக்குப் போன் போட்டாள்.

"கதவுன்னா கதவுதானே" என்றார் அவர், லாரியின் இரைச்சலுக்கு நடுவே. "சாத்தினா சாத்தணும், திறந்தா திறக்கணும். வேற என்ன இருக்கு அதுல?"

மகளைக் கேட்டாள். "எதுவா இருந்தாலும் சாம்பல் கலர்மா. இப்ப எல்லாரும் அதுதான்."

மறுநாள் காலை முதல் வீட்டு வாசலில் மணியை அடித்துவிட்டு நின்றபோதுதான் அது நடந்தது. எதிரே இருந்த கதவை அவள் பார்த்தாள். கருத்த, கனத்த மரம். பிடி இருக்கிற இடத்தில் மட்டும் கைபட்டுக் கைபட்டு வெளுத்திருந்தது. இது எத்தனை வருஷத்துக் கை என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதவு அவளை நோக்கி வந்தது. அவள் ஒரு அடி பின்வாங்கினாள். எப்போதுமே பின்வாங்கித்தான் உள்ளே போயிருக்கிறாள்; ஏன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அது டீச்சரம்மாவின் வீடு. ஓய்வு பெற்ற பிறகும் அவர் எல்லாருக்கும் டீச்சரம்மாதான். பள்ளிக்கூடத்தையே ஒரு பார்வையில் அடக்கியவர், ஊசி என்றால் மட்டும் கண்ணை இறுக்கி மூடி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

"டீச்சர், உங்க வீட்டுக் கதவு ஏன் வெளிப்பக்கமாத் திறக்குது?"

டீச்சரம்மா கண்ணைத் திறந்தார். "அதையேன் கேக்கற? எங்க அண்ணன் வேலை. நான்தான் முன்ன நின்னு செய்வேன்னு வந்து, அளவை மாத்திக் குடுத்து, உள்பக்கம் திறந்தா மாடிப்படியில இடிக்குதுன்னு இப்படி மாட்டிவிட்டுட்டுப் போயிட்டான். வர்றவங்க எல்லாரும் ஒரு அடி பின்னால நகரணும். முதல்ல எரிச்சலா இருந்துச்சு. அப்புறம் பிடிச்சுப்போச்சு. கதவைத் திறந்தா எதிராளி பின்வாங்கறது நல்லாத்தானே இருக்கு?"

"முடிஞ்சுது டீச்சர்."

"எது முடிஞ்சுது? குத்தவே இல்லையே நீ."

அன்றைக்கு அவளுக்கு இரண்டு ருசி ஒன்றாகக் கண்டுவிட்டது. கதவைப் பற்றிக் கேட்டால் ஊசி மறந்துபோகிறது. ஊசி ஒரு சாக்காக இருந்தால் கதவைப் பற்றி எல்லாம் சொல்லிவிடுகிறார்கள். பல மாதமாக "கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுக்கோங்க" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லாத வீடுகளில் அவள் வாயைத் திறந்தாள்.

இரும்புக்கதவு போட்ட வீட்டில் கணவனும் மனைவியும் அவளுக்கு முன்னாலேயே மல்லுக்கு நின்றார்கள். கரையான் அண்டாது என்பது அவர் கட்சி. "கரையான் மட்டுமா?" என்றார் அந்த அம்மா. "வெயில் காலத்துல ஒரு தடவை பிடியில கையை வச்சுட்டு எங்க தங்கச்சியே வர்றதில்லை." ஃபைபர் கதவுக்காரர் அது மழையில் ஊதாது, கனமே இருக்காது, சுண்டுவிரலால் திறக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார். கீழே ஒட்டியிருந்த பெரிய பூப்படம் எதற்கு என்று கேட்டதும் குரல் இறங்கிவிட்டது. பேரன் சைக்கிளோடு வந்து மோதிய ஓட்டையாம்.

மரம்தான் என்று முடிவு செய்தாள். தச்சரோடு மரக்கடைக்குப் போனாள். உயர உயரமாகச் சாய்த்து வைத்திருந்த பலகைகளுக்கு நடுவே போனதும் அவள் விரல்கள் தம் பழக்கத்தைக் காட்டிவிட்டன. ஒவ்வொரு பலகையிலும் ஓடுகிற ரேகையை நுனிவிரலால் அழுத்தித் தடவிக்கொண்டே போனாள்.

"அக்கா, அதுல ரத்தம் வராது" என்றார் தச்சர்.

அவள் சிரிக்கவில்லை, அவள் கவனம் அங்கே இல்லை. "இது ஏன் தம்பி இங்க மட்டும் சுத்திக்கிட்டுப் போகுது?"

"அங்க ஒரு கிளை இருந்திருக்கும்."

அந்தப் பலகையையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். மேலே பெயின்ட் அடித்தால் தெரியாதே என்று அவர் சொல்லிப் பார்த்தார். "எனக்குத் தெரியுமில்ல" என்றாள்.

வாசல்படி ஐயா என்று அவள் மனதுக்குள் பெயர் வைத்திருந்த ஒருவர் உண்டு. தனி ஆள். மணி அடித்தால் கதவைப் பாதி திறந்து, முக்காலியை வாசல்படிக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்து, கையை வெளியே நீட்டுவார். ரத்தம் எடுத்ததும் ஒரு தலையசைப்பு. கதவு சாத்திக்கொள்ளும். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்கு இதுவரை தெரியாது. அவர் வீட்டுக் கதவில் பெயின்ட் என்பதே இல்லை. வெறும் மரம், எண்ணெய் தேய்த்த மினுமினுப்போடு.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. எல்லாரும் கதவுக்கு பெயின்ட் அடிக்கறாங்க. நீங்க ஏன் அடிக்கலை?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, அதை விட்டுவிட்டு, "எதுக்குக் கேக்கறீங்க?" என்றார்.

அவள் தன் கதவுகளின் கதையைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு அவரிடமிருந்து கேள்விகளாக வந்தன. வாசல் எந்தத் திசை, வெயில் எத்தனை நேரம் அடிக்கும், மழைச்சாரல் நேராக விழுமா. அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல, கப்பல்துறையில் பெயின்ட் அடிக்கிற வேலையில் காலமெல்லாம் இருந்தவர் அவர் என்று நடுவில் தெரியவந்தது.

"கடையில குடுக்கற சின்னச் சீட்டைப் பார்த்துக் கலர் வாங்காதீங்கம்மா. ஒரு முழமாவது அடிச்சு வெளியில வச்சுப் பாருங்க. காலையில ஒண்ணாத் தெரியும், மத்தியானம் வேறயாத் தெரியும்."

"சரிங்க ஐயா."

"கதவைக் கழட்டிக் கிடத்தி வச்சுத்தானே அடிப்பீங்க?"

அவளுக்கு அப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது. குழாயில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தவள், தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, "ஆமாங்க ஐயா" என்று தலையாட்டிவிட்டாள்.

புதுக்கதவு தயாராகும் வரை பழைய கதவு நிலையில்தான் நின்றது. எப்படியும் போகப்போகிற கதவுதானே என்று அதன் மேலேயே கட்டம் கட்டமாக நிறங்களை அடித்து வைத்தாள். சாம்பல், மஞ்சள், காவி, பச்சை, மயில்கழுத்து. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். "என்னக்கா, கதவுக்குச் சட்டை தைக்கப்போறீங்களா?" என்று பால் போடுகிறவர் கேட்டார். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஒரு நாள் மஞ்சள் என்றார், மறுநாள் பச்சை என்றார், மூன்றாம் நாள் இரண்டும் கண்றாவி என்றார்.

அவளுக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அடுப்பில் பால் இருக்கும், இவள் தெருவில் நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள்; பால் பொங்கி அடுப்பை அணைக்கும். காலையில் சாதுவாக இருந்த மஞ்சள் உச்சிவெயிலில் கண்ணைக் குத்தியது. சாம்பல் வெயிலில் பூசாத சிமென்ட் சுவர் போலவும், மேகமூட்டத்தில் நனைந்த அட்டைப்பெட்டி போலவும் இருந்தது. மயில்கழுத்துதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. காலையில் நீலம் என்று சத்தியம் செய்யலாம். சாயங்காலம் பச்சை என்று சத்தியம் செய்யலாம்.

"இது ரெண்டுல எதுடி?" என்று மகளைக் கேட்டாள்.

"அம்மா, அது ஒரே கலர்தான். நீ உள்ள வா."

வாசலுக்கு மயில்கழுத்து, பின்கதவுக்கு மகளின் சாம்பல் என்று கடைசியில் உடன்பாடு ஆனது.

தச்சர் புதுக்கதவுகளுக்கு பிரைமர் என்கிற அடிப்பூச்சு பூசிக் கொண்டுவந்து மாட்டினார். சாரல் உள்ளே வராமல் இருக்க நிலையைச் சுற்றி ரப்பர் பட்டையும் ஒட்டிக்கொடுத்தார். தனக்குத் தெரிந்த பெயின்டர் அடுத்த மாதம்தான் வருவார் என்றார். அதுவரை யார் காத்திருப்பது? மகள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். அதில் ஒரு மனிதர் சீட்டியடித்துக்கொண்டே ஒரு கதவை முடித்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். அவ்வளவுதானா என்று தாயும் மகளும் லீவு நாள் ஒன்றில் இறங்கிவிட்டார்கள்.

உப்புத்தாள் தேய்த்தார்கள். முன்கதவு தாய்க்கு, பின்கதவு மகளுக்கு. தூரிகையை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுக்கும்போது உலகத்தில் வேறு கவலையே இல்லை போலிருந்தது அவளுக்கு. கையெல்லாம் மயில்கழுத்து, மூக்கில் ஒரு கோடு மயில்கழுத்து. நன்றாக வந்திருக்கிறதே என்று இன்னொரு தடவை, தாராளமாகவே, பூசினாள். சாயங்காலம் தொட்டுப் பார்த்தாள், விரலில் ஒட்டவில்லை. மேகம் திரண்டு சாரல் விழ ஆரம்பித்தது. காய்ந்துதான் விட்டதே என்று இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுத்தார்கள்.

விடிகாலையில் பையை மாட்டிக்கொண்டு தாழ்ப்பாளை விலக்கிக் கதவை இழுத்தாள். கதவு வரவில்லை. வேறொரு தாழ்ப்பாள் இருக்கிறதோ என்று மேலும் கீழும் பார்த்தாள். மறுபடி இழுத்தாள். சுவரை இழுக்கிற மாதிரி இருந்தது.

பின்பக்கம் போனாள். அங்கே மகள் ஏற்கெனவே கதவுப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒட்டிக்கிச்சு."

"முன்னாடியும்தான்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தச்சருக்குப் போன் போனது. அவர் வெளியூரில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் இருமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "ரொம்ப இழுக்காதீங்கக்கா. பிடி கையோட வந்துடும். நான் சாயங்காலம் வந்து பார்க்கறேன்."

சாயங்காலம் வரை எப்படி? அன்றைக்கு நாலு பேர் முந்தின இரவோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவளுக்காகக் காத்திருந்தார்கள். முதலில் டீச்சரம்மாவைக் கூப்பிட்டாள்.

"டீச்சர், வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன்."

"யாரு பூட்டினது?"

"யாரும் பூட்டலை. பெயின்ட் அடிச்சேன்."

"ஏம்மா, நான் இன்னும் பல்லுல பச்சைத்தண்ணி படாம உக்காந்திருக்கேன். உன் வீடு எங்க இருக்கு சொல்லு. கதவு இல்லாட்டி என்ன, ஜன்னல்னு ஒண்ணு இருக்குமில்ல?"

அப்படித்தான் அது ஆரம்பித்தது. டீச்சரம்மா மகனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். வாசல் ஜன்னலின் கம்பிகளுக்கு நடுவே ஒரு கை தாராளமாக நுழையும். மகள் உள்பக்கம் ஜன்னல் திண்டில் ஒரு தலையணையைப் போட்டு, மேலே சுத்தமான துண்டை விரித்தாள். டீச்சரம்மா கையை உள்ளே விட்டார். வெளியே அவர் முகம் வழக்கம்போலத் திரும்பிக்கொண்டது. ஆனால் திரும்பிய பக்கத்தில் புதுக்கதவு இருந்தது.

"கலர் நல்லாத்தான் இருக்கு" என்றார் கண்ணைத் திறந்து. "திறந்தா இன்னும் நல்லா இருக்கும்."

மகன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு வண்டியைத் துடைத்தார்.

இரும்புக்கதவுத் தம்பதி அடுத்து வந்தார்கள். இருவருக்கும் பரிசோதனை. இப்படி ஒட்டிக்கொள்கிற தொல்லையெல்லாம் இரும்பில் கிடையாது என்று அவர் தொடங்க, கையைக் கம்பிக்குள் வைத்திருந்த அந்த அம்மா, "இவருக்கு முதல்ல குத்துங்க" என்றார். தெருவில் போன ஒருவர் ஏதோ இலவச முகாம் என்று நினைத்து, சர்க்கரை பார்க்க வரிசை எங்கே ஆரம்பிக்கிறது என்று தையல்காரம்மாவை விசாரித்தார். தையல்காரம்மாவும் யோசிக்காமல் ஒரு இடத்தைக் காட்டி அவரை நிறுத்திவைத்துவிட்டார்.

ஊசியக்காவுக்கு முதலில் உடம்பெல்லாம் வெட்கம். பிறகு வேலை வேலையாக ஆனதும் வெட்கம் எங்கோ போய்விட்டது. ஆனால் ஒன்றை அவள் கவனித்தாள். இவர்கள் யாரும் இதுவரை அவள் வீட்டைப் பார்த்ததில்லை. கம்பிக்குள் கையை நீட்டியபடியே எல்லாருடைய கண்ணும் உள்ளே போயிற்று. அந்த அலமாரி என்ன மரம், அது யார் படம், மகள் என்ன படிக்கிறாள், அவர் எப்போது வருவார். பதில் சொல்லிக்கொண்டே குத்தினாள். யாரும் வலித்தது என்று சொல்லவில்லை.

நாலாவது ஆள் வாசல்படி ஐயா. அவரிடம் போனில் சொல்லும்போதுதான் அவளுக்கு வாய் வரவில்லை. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கழட்டி வச்சு அடிக்கலையா?"

"இல்லைங்க ஐயா."

"எனக்கு ரத்தம் இன்னொரு நாள் எடுத்துக்கலாம். அதுக்கு அவசரம் இல்லை. நான் வர்றேன்."

வந்தார். மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு துணியால் இறுக்கக் கட்டியிருந்தார். வந்த வேகத்திலேயே ஜன்னலுக்குள் கையை நீட்டிவிட்டு, "வந்தது வந்தாச்சு, எடுத்துடுங்க" என்றார். எடுத்தாள். மகள் கம்பி வழியாக பன்னும் டீயும் கொடுத்தாள். அவர் சற்றுத் தள்ளி, காற்று வருகிற பக்கமாகப் போய் நின்று, துணியை விலக்கிச் சாப்பிட்டுவிட்டு, மறுபடி கட்டிக்கொண்டு கதவருகே வந்தார். கட்டைவிரல் நகத்தால் ஓரத்தில் ஒரு இடத்தை அழுத்திப் பார்த்தார்.

"மேல தோல் கட்டியிருக்கு. உள்ள இன்னும் பாலாத்தான் இருக்கு. மழைக்காத்து வேற. சாத்தினதும் ரப்பர்ல போய் உக்காந்துடுச்சு."

பையிலிருந்து மெல்லிய தகடு ஒன்றை எடுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்து, ரப்பருக்கும் கதவுக்கும் நடுவே மெல்லச் செருகினார். "நான் இந்தப் பக்கம் விடுவிச்சுக்கிட்டே வர்றேன். உள்பக்கம் கதவு ஓரத்துல நீங்க விடுவிக்கணும். மெல்லிசா, வளையற மாதிரி ஏதாவது இருக்கா? கத்தி வேண்டாம், மரத்தைக் கீறிடும்."

அவள் வீடு முழுவதும் கண்ணை ஓட்டினாள். அலமாரியின் மேலே கணவரின் பழைய எக்ஸ்ரே படம் இருந்தது, எப்போதோ தோள்பட்டை வலிக்கு எடுத்தது. அதை நனைத்து இடுக்கில் விட்டாள். வெண்ணெயில் போகிற மாதிரி இறங்கியது. வெளியே அவர் தட்டிய இடத்தில் உள்ளே அவள் படத்தை இழுத்தாள். மேலே, பக்கவாட்டில், கீழே. கணவரின் தோள்பட்டை எலும்பு கதவு ஓரமாக ஒரு சுற்று வந்தது. நடுநடுவே வெளியிலிருந்து இருமல் கேட்டது.

"ஐயா, உடம்பு சரியில்லையா?"

"இந்த வாசனை ஒத்துக்காது. கப்பலுக்கு அடிச்சு அடிச்சு நெஞ்சு போயிடுச்சு. அதனாலதான் என் கதவுல வெறும் எண்ணெய். யாரையும் உள்ள விடறதும் இல்லை. வர்றவங்க மேல சென்ட்டு, பவுடர்னு ஏதாவது இருக்கும், உடனே மூச்சு இழுத்துக்கும்."

அவள் கை நின்றுவிட்டது. அவருடைய ரத்தம் எதற்காகப் போகிறது என்று இத்தனை மாதத்தில் அவள் கேட்டதே இல்லை. "தெரிஞ்சிருந்தா உங்களைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன் ஐயா."

"நீங்க எங்க கூப்பிட்டீங்க? நானாத்தானே வந்தேன். இழுங்க, இப்ப இழுங்க."

இழுத்தாள். பழைய துணி கிழிகிற சத்தத்தோடு கதவு உள்ளே வந்தது. வெளியே வெளிச்சமும், துணி கட்டிய முகமும், அவருக்குப் பின்னால் கூட்டமாக நாலைந்து முகங்களும். தையல்காரம்மா கைதட்டினார். ரப்பரில் மயில்கழுத்து நிறம் நீள நீளமாக ஒட்டிக்கொண்டிருந்தது. கதவின் ஓரம் முழுவதும் தோல் உரிந்து பிரைமர் தெரிந்தது. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. ஐயா எட்டிப் பார்த்து, "இதெல்லாம் ஒண்ணுமே இல்லை" என்று சொல்லிவிட்டு, தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். அங்கிருந்தபடியே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சத்தமாகச் சொன்னார். கழற்று, கிடத்து, உரிந்த இடத்தைத் தேய்த்துச் சமமாக்கு, பூசுகிறதை மெல்லிசாகப் பூசு, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே பொறுமையாக இரு. கீழ் ஓரத்தை மறக்காதே.

சாயங்காலம் தச்சர் வந்து பின்கதவையும் விடுவித்து, இரண்டையும் கழற்றி, வீட்டுக்கு முன்னால் ஸ்டூல்களின் மேல் கிடத்திவிட்டுப் போனார். நிலைகள் இரண்டிலும் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டார்கள். தாயும் மகளும் மாறி மாறிக் காவல் இருந்தார்கள். மழை விட்டு, விடிந்ததும் நல்ல வெயில் அடித்தது; உரிந்த ஓரங்களைத் தேய்த்து, மெல்லிசாகப் பூசினார்கள்.

அந்தக் கோலத்தில்தான் அன்று முற்பகல் கணவர் வந்து சேர்ந்தார். தோளில் பையோடு தெருவில் நின்று, கிடக்கிற கதவுகளைப் பார்த்தார், காற்றில் ஆடுகிற விரிப்பைப் பார்த்தார், விரிப்பை விலக்கி வீட்டுக்குள் பார்த்தார். ஒரு வாசலில் நுழைந்த பார்வை, காற்று தூக்கிய பின்வாசல் விரிப்பின் அடியாகப் பின்சந்து வரைக்கும் தடையில்லாமல் போயிற்று.

"கதவை மாத்தப்போறேன்னுதான் சொன்ன. கதவே இல்லாம இருக்கப்போறோம்னு சொல்லலையே."

"தொடாதீங்க, ஈரம்."

சொல்லி வாய் மூடவில்லை, அவர் தொட்டுவிட்டார். ஆள்காட்டிவிரல் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நீலமா, பச்சையா?"

"அப்பா" என்றாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு, தூரிகையை எடுத்தபடியே.

கட்டிலை இழுத்து வாசல் நிலைக்குக் குறுக்கே போட்டு அவர் படுத்துக்கொண்டார், காவலுக்குக் காவலாகவும் ஆயிற்று என்று. முன்வாசலில் நுழைந்த காற்று பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. வாரக்கணக்காக லாரிக்குள் குறுகிப் படுத்த மனிதர் கையையும் காலையும் பரப்பிப் போட்டுத் தூங்கினார். எழுந்ததும் அவர் கேட்ட முதல் வார்த்தை, "இப்படியே விட்டுடலாமா?"

விடவில்லை. கதவுகள் இறுகியபின் தச்சர் வந்து மாட்டினார். மூன்று பேரும் ஆளுக்கு ஒரு தடவை திறந்து சாத்திப் பார்த்தார்கள். அப்புறம் இன்னொரு தடவை. ஊசியக்கா தெருவுக்குப் போய், தன் வீட்டு மணியைத் தானே அடித்துவிட்டு நின்றாள். உள்ளே கணவரின் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. "யாரு வேணும்?" என்றார் அவர். "ரத்தம் எடுக்க வந்திருக்கேன்" என்றாள். அவர் கதவைச் சாத்திவிட்டார்.

கிளம்புகிற அன்று அவர் கதவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தெருமுனையில் லாரி திரும்பும்போது ஒரு தடவை ஒலி எழுப்பினார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலையில், அவள் ஒரு வீட்டுப் படியில் ஏறிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. இந்த நேரத்தில் அவர் கூப்பிடுகிறவர் இல்லை. பதறி எடுத்தாள்.

"ஒண்ணுமில்ல, பயப்படாத. இங்க வழியில ஒரு வீடு. ஒரே வாசல்தான், கதவு மட்டும் இடுப்பளவுல ரெண்டாப் பிரிஞ்சிருக்கு. மேல் பாதியைத் திறந்து வச்சுக்கிட்டு ஒரு அம்மா நிக்கறாங்க, கீழ் பாதி சாத்தியிருக்கு. எதுக்கு அப்படி வச்சிருப்பாங்க?"

அவள் படியிலேயே நின்றுவிட்டாள். "ஆடு மாடு உள்ள வராம இருக்கவா?"

"ஆடு மாடு எதையும் காணோமே."

"குழந்தை இருக்குமோ? வெளிய ஓடிடாம?"

"தெரியலையே."

"இறங்கிக் கேளுங்களேன்."

"லோடு இருக்கு. நேரமாகுது."

"ரெண்டு வார்த்தை கேக்க என்ன நேரம்? என்ன கலர்னும் பாத்துட்டு வாங்க."

லாரியின் இரைச்சல் தணிந்து அடங்கியது. வண்டிக் கதவு திறக்கிற சத்தமும், அவர் கீழே குதிக்கிற சத்தமும், சரளைக்கல்லில் நடக்கிற சத்தமும் கேட்டன. "அம்மா, ஒரு நிமிஷம்" என்று அவர் யாரையோ கூப்பிட்டார். ஊசியக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மணியை அடிக்காமல் நின்றாள்.